ஓர் அம்பில் மூவர்

ஜும்ஆப் பிரசங்கங்களில் நாம் பலமுறை கேட்ட ஹதீஸ் அது. அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஓர் அம்பின் காரணமாக மூன்று பேர் சுவனம் புகுவார்கள் என்பது அதன் சாரம். அம்பைச் செய்தவர் ஒருவர், எய்தவர் ஒருவர், எய்பவரின் கையில் அதை எடுத்துக் கொடுத்தவர் ஒருவர். இந்த ஹதீஸைக் கேட்கும்போது நமது மனக்கண்ணில் தோன்றுபவர் வில்லை வளைத்து நிற்கும் வீரரே. ஆனால் ஹதீஸின் வரிசையில் முதலாவதாக வருபவர் அவரல்லர். பட்டறையில் குந்தியிருந்து மரத்தைச் சீவியவரே முதலில் வருகிறார். அவருக்கு மட்டும் ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டுள்ளது. தனது வேலையில் அவர் நன்மையை நாடியிருக்க வேண்டும்.

எய்பவருக்கு வைக்கப்படாத இந்த நிபந்தனை செய்பவருக்கு ஏன் வைக்கப்பட்டது? இக்கேள்விக்கு விளக்கம் தேடிப் புறப்பட்டால் அது நம்மை இஸ்தான்பூல் நகரில் கொண்டுபோய் விடும். முஸ்லிம் உலகில் அம்பு செய்யும் தொழில் மிக நுட்பமான நிலையை அடைந்த இடங்களுள் அது முக்கியமானது. அத்தொழில் அறுந்துபோன கதையும் அங்கேதான் நடந்தது.

மைதானமும் கற்களும்

1453இல் கொன்ஸ்தாந்திநோபிளை வெற்றிகொண்ட சுல்தான் இரண்டாம் முஹம்மத், நகரின் பொற்கொம்புக் கழிமுகத்துக்கு வடக்கே இருந்த மேட்டுநிலமொன்றை வில்லாளிகளுக்கென வக்பு செய்தார். 'ஒக்மெய்தான்' என்பது அதன் பெயர். துருக்கி மொழியில் 'ஒக்' என்றால் அம்பு. மெய்தான் என்பது நாம் அறிந்த மைதானமேதான். அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது, கால்நடை மேய்க்கக் கூடாது என்ற விதிகள் இருந்தன. வுழூச் செய்துகொண்டே வில்லாளிகள் மைதானத்துக்குள் இறங்குவார்கள். அம்பு நாணை விட்டகலும் கணத்தில் 'யா ஹக்' என்று குரல் எழுப்புவார்கள். சுல்தான் இரண்டாம் பாயஸீதின் காலத்தில் (1481 - 1512) வில்லாளிகளின் தக்கியா அங்கு வளம் பெற்றது. அம்பு செய்வோரும் வில் செய்வோரும் பாயஸீத் பள்ளிவாசலை அண்டிக் கடை போட்டனர். அப்பகுதியின் தெருவொன்று இன்றும் அம்புக்காரரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மைதானத்தில் இலக்கு நோக்கி எய்வதும் உண்டு. ஆயினும் உஸ்மானியரின் பெருவிருப்பமாக விளங்கியது தூரம் எய்யும் போட்டிதான். 'கெஸ்' என்ற அளவால் தூரத்தைக் கணித்தார்கள். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர். 'பீஷ்ரெவ்' என்ற மெல்லிய அம்பை 900 கெஸ் தூரம், அதாவது சுமார் 594 மீற்றர், எய்து காட்டியவருக்கே முழு வில்லாளி என்ற இஜாஸத் கிடைத்தது. அந்த வைபவத்தில் உஸ்தாத் தனது மாணவனின் காதில் ஓர் இரகசியம் சொல்வார் என்பது மரபு. "நீர் எறிந்தபோது எறிந்தது நீரல்ல" என்ற கருத்தில் சூரா அல்-அன்ஃபாலில் வரும் வசனமே அந்த இரகசியம். 900 கெஸ் எறிந்த பெருமிதம் தலைக்கேறும் வேளை பார்த்து அது சொல்லப்பட்டது.

சாதனை படைத்தவரின் அம்பு விழுந்த இடத்தில் ஒரு கல் நாட்டப்படும். வெண்பளிங்கில் செதுக்கிய தூண்கள் அவை. எய்தவரின் பெயரும் தூரமும் அழகிய எழுத்தணியில் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு நூற்றுக்கணக்கான கற்கள் அங்கு எழுந்தன. 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வில்லாளி தோஸ்கொபாரன் இஸ்கந்தர் எய்த தூரம் 1281.5 கெஸ் எனப் பதிவாகியிருக்கிறது. மீற்றரில் ஏறத்தாழ 846. அரை மைலுக்கும் அதிகம்.

கல்லில் எய்தவரின் பெயர் நின்றது. அந்த அம்பைச் செய்தது யார்?

மரம் பேசும் மொழி

வில்லைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. மரம், கொம்பு, நரம்பு, பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்பட்ட துருக்கி வில் காண்போரை மயக்கும். அதனருகே அம்பைப் பார்ப்பவர் ஒரு குச்சி என்றே எண்ணுவார். ஆனால் வில்லும் அம்பும் செய்து பழகியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நல்ல வில் ஒன்று வாழ்நாள் முழுவதும் போதும். அம்புகளோ எத்தனை செய்தாலும் ஒன்று மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும். எடை, நீளம், விறைப்பு யாவும் ஒத்து வராவிட்டால் கை ஒன்றாக இருந்தாலும் அம்புகள் வெவ்வேறு இடங்களில் போய் விழும்.

பழைய அரபு மொழியில் அம்புக்குப் பல பெயர்கள் இருப்பது இதனாலேயே. 'ஸஹ்ம்' என்பது பொதுப்பெயர். நாணற்றண்டில் செய்த அரபியரின் அம்பு 'நப்ல்'. மரத்தில் செய்த பாரசீகரின் அம்பு 'நுஷ்ஷாப்'. மம்லூக்கியர் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், தைபுகா என்பார் வில்வித்தை பற்றி எழுதிய அரபு நூல் இவ்விடயங்களைக் கூர்ந்து ஆராய்கிறது. உஸ்மானியரின் தூர அம்பு மரத்தால் ஆனது. ஊசியிலை மரமான பைன் அதற்குகந்தது.

எந்தப் பைன் மரமும் சரிவராது. குளிர் மலைச்சரிவில் மெதுவாக வளர்ந்த மரமே வேண்டும். அதன் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். நார் நேராக ஓடும். அந்த மரத்தையும் வாளால் அறுத்துவிடக் கூடாது. பிளக்க வேண்டும். மரத்தின் நார் எங்கே போகிறது என்று வாளுக்குத் தெரியாது. அது தன்போக்கில் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிளக்கும்போது விரிசல் நாரின் வழியே மட்டும் ஓடுகிறது. நார் வளைந்த துண்டு வளைந்தே பிளந்து தன் குறையைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அதைக் கழித்துவிடலாம்.

இதில் ஓர் உயிர்ப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. நாண் விடுபடும் கணத்தில் அம்பின் பின்முனை மீது பெருவிசை பாய்கிறது. முன்முனையோ இன்னும் அசையாமல் நிற்க முனைகிறது. இரண்டுக்கும் நடுவே தண்டு வில்லாக வளைகிறது. தண்டின் நார் குறுக்கே வெட்டுண்டிருந்தால் அந்த இடத்தில் அது சாய்வாக முறியும். முறிந்த கூர் நேரே வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயும். உஸ்மானிய வில்லாளிகள் தூரம் எய்யும்போது இந்த ஆபத்து இரட்டிப்பானது. மணிக்கட்டின் மேல் 'ஸிபர்' என்ற சிறு தாங்கியைக் கட்டி, அம்பின் முனையை வில்லுக்கும் உள்ளே இழுத்து எய்வது அவர்கள் வழக்கம். முறியும் அம்பு முதலில் காண்பது எய்பவரின் கையையே.

தண்டைப் பார்த்து உள்நாரின் குறையை எய்பவர் அறிய முடியாது. மெருகிட்டு வர்ணம் பூசிய பின்னர் எல்லாத் தண்டும் ஒன்றுபோலவே மினுங்கும். குறையை அறிந்தவர் ஒருவர் மட்டுமே. மரத்தைப் பிளந்த அன்று அதைக் கண்ணால் கண்டவர் அவர். அவர் அதை எறிந்துவிட்டாரா, அல்லது கூலியை நினைத்து மெருகுக்குள் மறைத்தாரா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். செய்பவரின் நிய்யத்துக்கு ஹதீஸ் நிபந்தனை வைத்ததன் பொருள் இங்கே துலங்குவதாக எனக்குப் படுகிறது.

குச்சி அம்பாகும் விதம்

பிளந்த துண்டுகள் உடனே பட்டறை ஏறுவதில்லை. நிழலில் நீண்டகாலம் காய வேண்டும். பச்சை மரத்தில் செய்த அம்பு காய்ந்ததும் கோணிப்போகும். காய்ந்த துண்டை முதலில் சதுரக் கோலாகச் சீவி, பின் எண்கோணமாக்கி, அதன் பின்னரே உருட்டி எடுப்பார்கள். பள்ளம் வெட்டிய பலகையில் கோலைக் கிடத்திச் சீவுளி பிடித்தால் அது நழுவாது. இடையிடையே தணலில் காட்டி, சூடு இருக்கும்போதே வளைவை நிமிர்த்த வேண்டும். சூடு குறைந்தால் நிமிராது, கூடினால் கருகும். அந்த அளவைச் சொல்லக் கடிகாரமோ வெப்பமானியோ இல்லை. விரல்தான் சொல்ல வேண்டும்.

தண்டின் வடிவத்தில் உஸ்மானியர் மூன்று வகை கண்டனர். முழு நீளமும் ஒரே பருமனாக நாண் போலிருப்பது 'கிரிஷ் எந்தாம்'. மெழுகுதிரி போன்றது 'ஷெம் எந்தாம்'. நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்து வருவது 'தர்ஸே காஸ்', அதாவது சிறப்புப் பாணி. தூர அம்புக்கு நடுப்பருமன் பெரிதும் உதவியது. வளையும் அழுத்தம் நடுவிலேயே அதிகம். அங்கே மரத்தை விட்டுவைத்து, தேவையில்லாத முனைகளில் கழித்துவிட்டால் அம்பின் விறைப்புக் குறையாமலே எடை குறைகிறது. இன்றைய பொறியியலாளர் கணக்குப் போட்டுச் சொல்லும் இவ்வுண்மையைப் பட்டறைக்காரர் கை அனுபவத்தில் கண்டிருந்தார். இவ்வாறு செய்த பீஷ்ரெவ் அம்பின் நீளம் 60 சென்ரிமீற்றருக்குச் சற்றே கூடுதல். பருத்த நடுப்பகுதியும் ஒரு பென்சிலின் பருமன்தான். எடை ஏறக்குறைய 4 திர்ஹம். 13 கிராம் எனலாம்.

விறைப்பு என்ற விடயம் தனியே கவனிக்கத்தக்கது. வளைந்த அம்பு நாணை விட்டபின் நிமிர்ந்து, எதிர்ப்புறம் வளைந்து, மீண்டும் நிமிர்ந்து, மீன் நீந்துவது போலத் துடித்துக்கொண்டே செல்கிறது. இத்துடிப்பு வில்லின் வலுவுக்கு இசைந்திருந்தால் அம்பு வில்லில் உரசாமல் நழுவி நேர்பாதைக்கு வந்துவிடும். தண்டு மிகத் தளர்வானால் ஒருபுறம் ஓடும். மிக விறைப்பானால் மறுபுறம் ஓடும். ஆகவே ஒருவரின் வில்லுக்கு இசைந்த அம்பு இன்னொருவரின் வில்லுக்கு ஆகாது. அம்பு செய்பவர் எய்பவரையும் அவரது வில்லையும் அறிந்திருக்க வேண்டும். கடையில் கட்டுக்கட்டாக வாங்கும் பொருளல்ல அது.

பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவு அடுத்த சோதனை. மெல்லிய பைன் தண்டில் வெறுமனே பிளவு வெட்டினால் நாணின் அடியில் தண்டு இரண்டாகக் கிழியும். கடினமான வேறு மரத்திலோ கொம்பிலோ இரு சிறு இதழ்கள் செய்து, தண்டின் முனையில் பசையிட்டு ஒட்டி, நரம்பு இழையால் சுற்றிக் கட்டினர். பிளவின் வாய் சற்றே குறுகியும் உட்புறம் சற்றே அகன்றும் இருக்கும். நாண் 'டிக்' என்ற ஓசையுடன் உள்ளே புகுந்து அமர்ந்துகொள்ளும். குதிரை மீதிருந்து எய்பவரின் அம்பும் நாணை விட்டு நழுவாது.

அதன் பின் இறகுகள். மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. கலந்து ஒட்டினால் ஒன்று சுழற்ற மற்றது தடுக்கும். போர் அம்புக்கு அகன்ற இறகு; தூர அம்புக்குக் காற்று தடைப்படாதபடி மிகக் குட்டையாகக் கத்தரித்த இறகு. முன்முனையில் போர் அம்புக்கு உருக்குக் கூர். தூர அம்புக்குத் தந்தத்தாலோ எலும்பாலோ ஆன சிறு முனை. இறுதியாக ஈரம் புகாதபடி மெருகு. இறகடியில் வர்ணமும் பொன்பூச்சும். நூதனசாலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் அந்த அம்புகளின் பொன்பூச்சை நாம் வியக்கிறோம். அவற்றின் உண்மையான அழகு பூச்சுக்கு அடியில் நேராக ஓடும் நாரில் இருக்கிறது.

அறுந்த சங்கிலி

துப்பாக்கி வந்ததும் வில் போர்க்களத்தை விட்டுப் போயிற்று. ஆயினும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. 1790களில் இலண்டனிலிருந்த துருக்கித் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி, அங்குள்ள வில்லாளிகள் முன்னிலையில் 480 யார்களைத் தாண்டி எய்து அவர்களை வியப்பில் ஆழ்த்தினார். தமது நாட்டில் இதைவிடத் தூரம் எய்வார்கள், தமக்குப் பயிற்சி விட்டுப்போயிற்று என்று அவர் சொன்னதாகப் பதிவு உண்டு.

சுல்தான் இரண்டாம் மஹ்மூத் (ஆட்சி 1808 - 1839) ஒரு விசித்திரமான சந்தியில் நிற்கிறார். 1826இல் யெனிசெரிப் படையைக் கலைத்துப் புதிய பாணிப் படையை அமைத்தவர் அவர். அவரே மைதானத்தில் கல் நாட்டிய சிறந்த வில்லாளியும் ஆவார். மறைந்துகொண்டிருந்த கலையைப் பதிவுசெய்யும்படி முஸ்தஃபா கானி என்பாரை அவர் பணித்தார். வில், அம்பு, கருவிகள், சாதனைகள், ஒழுங்குகள் யாவற்றையும் தொகுத்து கானி எழுதிய நூல் 1847இல் இஸ்தான்பூலில் அச்சேறியது. அப்போது சுல்தான் உயிருடன் இல்லை. பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

20ஆம் நூற்றாண்டில் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவராகத் திகழ்ந்தவர் உஸ்குதாரைச் சேர்ந்த நஜ்முத்தீன் (1883 - 1976). எழுத்தணிக் கலைஞர், வர்ணக் காகிதம் செய்பவர், நூல் கட்டுநர், ரோஜா வளர்ப்பவர், பள்ளிவாசல் இமாம் எனப் பல திறன்கள் வாய்த்தவர் அவர். இஜாஸத் பெற்ற வில்லாளியாகவும் இருந்தார். 1934இல் துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் சூட வேண்டும் என்ற சட்டம் வந்தபோது அவர் தேர்ந்த பெயர் 'ஒக்யாய்'. அம்பு-வில் என்பது அதன் பொருள். எழுத்தணியால் உலகறிந்த மனிதர் தமது சந்ததிக்கு விட்டுச்செல்லத் தேர்ந்த பெயரில் அம்பை முன்னே வைத்தார். 1937இல் எஞ்சியிருந்த வில்லாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். அதுவும் நீடிக்கவில்லை.

1950கள் முதல் ஊர்ப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் ஒக்மெய்தானில் குடியேறினர். வீடுகள் எழுந்தன, தெருக்கள் ஓடின, கற்கள் பல சிதைந்தும் காணாமலும் போயின. கூரையின்றி வந்தவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை. ஆனால் கல்லில் பெயர் பொறித்து நின்றவர்களின் நினைவும் செய்தவர்களின் நினைவைப் போலவே அழியக்கூடியது என்பதை அந்த மைதானம் காட்டிவிட்டது.

கானியின் நூல் 1920களில் யோவாகிம் ஹைன் என்பாரால் ஜெர்மன் மொழிக்குச் சென்றது. அதைப் படித்த அமெரிக்கப் பௌதிகவியலாளர் போல் குளொப்ஸ்டெக் 1934இல் துருக்கி வில்வித்தை பற்றி ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பின்னாளில் உலகெங்கும் இக்கலையை மீட்க முனைந்தவர்களுக்கு இவையே வழிகாட்டிகள் ஆயின. 2010களில் ஒக்மெய்தானின் தக்கியா மீளக் கட்டப்பட்டது. 2019இல் யுனெஸ்கோ துருக்கியின் மரபு வில்வித்தையை மானுடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இளைஞர்களும் யுவதிகளும் மீண்டும் அங்கே 'யா ஹக்' என்று குரல் எழுப்புகின்றனர்.

இம்மீட்சியில் மகிழ்ச்சி உண்டு. ஒரு பாடமும் உண்டு. எய்வதை மீட்பது எளிதாயிருந்தது. செய்வதை மீட்பது எளிதாயிருக்கவில்லை. தணலில் தண்டை எப்போது எடுப்பது, பிளக்கும்போது உளியை எப்படிச் சரிப்பது என்பவற்றைக் கானியின் ஏடு முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அது தகப்பனின் கையிலிருந்து மகனின் கைக்கும், உஸ்தாதின் விரலிலிருந்து மாணவனின் விரலுக்கும் போவது. அது அறுந்த பின்னர், புதிதாகச் செய்யப் புகுந்தவர்கள் நூதனசாலை அம்புகளை எடைபோட்டும் அளந்தும், மரம் மரமாக வீணாக்கியும் கற்க வேண்டியதாயிற்று. தலைமுறைகள் சேர்த்தது ஒரு தலைமுறையில் போனது. அதைத் தேடிச் சேர்க்க மீண்டும் தலைமுறைகள் வேண்டும்.

போற்றுவது எப்போதும் எய்தவரையே என்ற வழக்கம் நமக்கு இருக்கும் வரை இது எங்கும் நடக்கும். ஹதீஸ் நம்மைவிட நேர்மையாகப் பங்கிட்டது. எய்தவரின் பங்கை அது குறைக்கவில்லை. செய்தவரின் பங்கை விழுங்கவும் இல்லை. பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவரையும் மறக்கவில்லை. ஓர் அம்பு பறக்க மூவரும் வேண்டும். முதலாமவர் எழுந்து போய்விட்டால், மற்ற இருவரும் வெறுங்கையோடுதான் மைதானத்தில் நிற்க நேரும்.